கேழ்வரகு பால் பிடிக்கும் மாதம்

அஞ்செட்டியிலிருந்து சிக்கதொட்டிக்குப்
பதினெட்டு கிலோமீட்டர் என்கிறது பலகை.
மாலை நான்குக்கு மேல் எத்தனை என்று
யானைகளைத்தான் கேட்கவேண்டும்.

கெம்பம்மாவின் கடைசிப் பையன்
பள்ளிப் பதிவேட்டில் லோகேஷ்.
ஊருக்குள் ஆனெ.
ஒல்லிப் பயல், காதுகூடச் சின்னதுதான்.

கேழ்வரகு பால் பிடிக்கும் மாதம்,
அவள் அட்டையில் நான் எழுதிய தேதிக்கு
இரண்டு நாள் முன்னால்
பதினொரு யானைகள் இறங்கின.
பஸ் நின்றது.
தேதி போயிற்று,
தேதிக்கு மேல் பொறுக்கும் நாலு வாரமும் போயிற்று.
பாதை திறந்து அவள் வந்து சேர்ந்த அன்று
அலமாரியில் மருந்து இல்லை.
அடுத்த வாரம் வா என்றேன்.
சொன்னது இந்த வாய்தான்.
அடுத்த வாரம் அவளுக்கு வாந்தி.

நாலாவதுக்கு அப்பன் யாரு, ஒத்தைக்கொம்பனா?
டீக்கடையில் சிரித்தவர்களில்
அவள் புருஷனும் ஒருவன்.
என்னிடம் சொல்லும்போது அவளும் சிரித்தாள்
பையனின் உச்சியை முகர்ந்தபடி.
இவன் இருக்கட்டும் சிஸ்டர்.
இன்னொரு ஆனெ தாங்காது வீடு.

வட்டாரக் கூட்டத்தில் கேட்டார்கள்:
பயனாளிகள் ஏன் மையத்துக்கு வருவதில்லை?
எழுந்து, யானை என்றேன்.
மின்விசிறி உட்பட எல்லோரும் சிரித்தார்கள்.
அந்தக் காரணத்துக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

ஆகவே ஊசியை நான் மேலே தூக்கிப் போனேன்.
விடிகாலை, பால் சொசைட்டி.
ஏன் எங்கே என்ற கேள்வி இல்லாமல்
ஒரு பெண் வாசல் தாண்ட
இந்த மலையில் உள்ள ஒரே நேரம் அது,
கையில் கேன் இருக்கிறவரை.

செயலாளர் முனிமாரப்பா
பாலுக்கு ஆகாதும்மா என்றார்.
எது ஆகாது? என்றேன்.
அதற்குமேல் அவருக்குத் தெரியவில்லை.
தீவன மூட்டைகளுக்குப் பின்னால் சாக்குத் திரை கட்டினோம்.
ரத்த அழுத்தம் பார்த்து, வேண்டுமா என்று கேட்டு,
மறுபடியும் கேட்டு,
பிறகுதான் ஊசி.

சுவரில் ஆணுறைப் பெட்டி.
பகலில் அந்தப் பக்கம் யாருக்கும் கழுத்து திரும்பாது.
திங்கட்கிழமை ஐம்பது வைத்தால்
வியாழக்கிழமை ஒன்பது.
கொழுப்பு அளவு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில்
தலைப்பு போடாமல்
எண்ணிக்கை மட்டும் எழுதிவருகிறார் முனிமாரப்பா.

போன முறை துந்தம்மா வேண்டாம் என்றாள்.
ஒரு குழந்தை வேணும், என்றாள் தரையைப் பார்த்து,
கடன் கேட்கிறவள் மாதிரி.
ஃபோலிக் மாத்திரை கொடுத்தேன்.
அதுவும் இதே வேலைதான்.

இன்று முதல் வளைவிலேயே
பால் வேன் எதிரே இறங்கிப் போயிற்று.
மூன்றாவது வளைவில் ஆவி பறக்கும் லத்தி,
முறிந்த மூங்கில்,
அதற்கப்பால் அசையாத ஒரு சாம்பல் முதுகு.
ஸ்கூட்டியை அணைத்து நாற்பது நிமிடம் நின்றேன்.

பால் போன பிறகு
காலிக் கேனோடு உட்கார்ந்திருக்க
யாருக்கும் சாக்கு கிடையாது.
ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

கெம்பம்மாவின் மாமியார் தேடி வந்து நிற்கிறாள்.
ஊத்திட்டு வர இவ்வளவு நேரமா?
இங்க என்ன வேலை உனக்கு?

ஊசி போட்டுக்கணும் அத்தெ.
பிள்ளை நிக்காம இருக்கிற ஊசி.

இத்தனை வருடத்தில் அந்தச் சொல்
சாக்குத் திரைக்கு வெளியே வந்ததில்லை.
முனிமாரப்பா இல்லாத பேனா மூடியைத் தேடுகிறார்.
மாமியார் வெற்றிலையைத் துப்பிவிட்டு
என்னைப் பார்க்கிறாள், அவளைப் பார்க்கிறாள்.
சீக்கிரம் வா. மாடு அவுக்கணும்.

என் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஆனெ கேட்கிறான்,
ஆனெ இன்னும் அங்கயே நிக்குதா சிஸ்டர்?
போயிடுச்சுடா.

அவன் அம்மாவின் அட்டையை வாங்கி
மூன்று மாதம் தள்ளி எண்ணுகிறேன்.
விரல் வந்து நிற்கிறது
கேழ்வரகு பால் பிடிக்கும் மாதத்தில்.